மேல போய்ப் படி

யூனிக்ஸில் மென்பொருளைக் கம்பைல் செய்யப் புதிதாக உட்காருகிறவர்கள், பில்டு நின்றதும் திரையின் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அங்கே 'எரர் 2' என்று இருக்கும். அந்த இரண்டில் சங்கதி எதுவும் இல்லை. உள்ளே ஏதோ ஒரு டைரக்டரியில் ஓடிய மேக் தோற்றுவிட்டது என்று வெளியே இருக்கிற மேக் தகவல் சொல்கிறது, அவ்வளவுதான். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர், யார் எந்தப் பிழையோடு வந்து நின்றாலும், "மேல போய்ப் படி தம்பி" என்பார். முழு அவுட்புட்டையும் ஒரு ஃபைலில் பிடித்து, முதல் பிழை எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கிற வரை கீபோர்டில் வேறு எதற்கும் கை வைக்க விடமாட்டார். மேக் -ஜே 8 என்று ஓட்டினால் எட்டு வேலைகளின் பேச்சும் ஒன்றோடொன்று கலந்து வரும். உண்மையில் விழுந்த வேலையின் செய்தி எங்கோ நடுவில் புதைந்திருக்கும். அப்போது -ஜே 1 போட்டு ஒருமுறை பொறுமையாக ஓட்டுங்கள். நேரம் போகிறதே என்று தோன்றும். போகட்டும்.

படிக்கும்போது யார் பேசுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் வரியின் தொடக்கத்திலேயே பெயர் இருக்கும். மேக் பேசுகிறதா, ஷெல் பேசுகிறதா, ஜிசிசி பேசுகிறதா, எல்டி பேசுகிறதா? 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்பது லிங்கரின் குரல். அதற்காக ஹெடர் ஃபைலைத் தேடி அலைவது வீண். ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு முன்னால் லைப்ரரி வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது. தேவை எழுவதற்கு முன்பே கடந்துபோன லைப்ரரிக்கு அது தானாகத் திரும்பி வராது. அதனால்தான் லைப்ரரிகளை எல்டிஃபிளாக்ஸில் போடாமல் எல்டிலிப்ஸில் போடச் சொல்கிறோம். பிழை எண்ணும் வழி காட்டும். 127 என்றால் அழைத்த கட்டளையே கிடைக்கவில்லை. 126 என்றால் கட்டளை இருக்கிறது, ஆனால் அதை ஓட்ட முடியவில்லை. பெரும்பாலும் அனுமதி இருக்காது.

'மிஸ்ஸிங் செபரேட்டர்' வந்தால் அது டேப் விவகாரம். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் மேக்கை எழுதியபோது ரெசிபி வரி டேப்பில் தொடங்க வேண்டும் என்று வைத்தார். அது தொல்லை என்று தெரிவதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய ஃபைல்கள் உடைந்துவிடக் கூடாதே என்று அப்படியே விட்டுவிட்டார். இன்றும் டேப்தான். எட்டு ஸ்பேஸ் போட்டிருந்தால் குனு மேக் டேப்பா என்று கேட்டுக் காட்டிக்கொடுக்கும். நான்கு ஸ்பேஸ் என்றால் அந்தத் துப்பும் கிடைக்காது. கண்ணை நம்பாதீர்கள். லினக்ஸில் கேட் -ஏ, பிஎஸ்டியிலும் மேக்ஓஎஸ்ஸிலும் கேட் -விஇடி போட்டுப் பாருங்கள். டேப் இருந்தால் தொப்பிக்குறியும் ஐ-யும் தெரியும். வரி முடிவில் தொப்பிக்குறியும் எம்-மும் தெரிந்தால் அந்த ஃபைல் விண்டோஸ் பக்கம் போய் வந்திருக்கிறது. எதிரே இருக்கிற ஃபைலையே 'இல்லை' என்று ஷெல் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இதே கேட் கட்டளை இன்னொரு காரியத்தையும் காட்டிக்கொடுக்கும்: வரி முடிவில் நிற்கிற ஸ்பேஸ். ஸ்பேஸுக்குப் பின்னால் குறிப்பு இருந்தால் அதிலும் பிடிபடாது. ஒருமுறை வேறொரு குழுவிலிருந்து ஒருவர், கிளீன் சரியாக எழுதியிருக்கிறதா என்று கேட்டுத் தன் மேக்ஃபைலைக் கொண்டுவந்தார். மேலே ஸ்டேஜ் என்ற வேரியபிளில் ஒரு பாதை, பிறகு ஒரு ஸ்பேஸ், ஹாஷ் போட்டு அழகாக ஒரு குறிப்பு. கீழே கிளீனில், ஸ்டேஜுக்குள் இருக்கிற லிப் டைரக்டரியை ஆர்எம் -ஆர்எஃப் கொண்டு அழிக்கிற வரி. படித்தால் குற்றம் எதுவும் தெரியாது. என் ஆசான் வழக்கம்போல மேக் -என் கிளீன் என்று அடித்தார். இது ஓட்டாமல் கட்டளையை அச்சிட்டு மட்டும் காட்டும். திரையில் பாதை இரண்டாகப் பிரிந்து நின்றது: முதலில் ஸ்டேஜ் முழுவதும், அடுத்து ஒரு ஸ்பேஸ், அதற்கடுத்து ரூட்டின் கீழுள்ள லிப். குறிப்புக்கு முன்னால் விட்ட ஸ்பேஸையும் மேக் வேரியபிளின் மதிப்போடு சேர்த்தே வைத்துக்கொள்ளும். அவர் அதை ரூட்டாக ஓட்ட இருந்தார். அந்த இயந்திரத்தின் லிப் டைரக்டரியே போயிருக்கும். குறிப்பை மேல் வரிக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு ஆசான் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் வெகுநேரம் கை நடுங்கியது. அழிக்கிற ரெசிபி எதுவானாலும் இன்றுவரை முதலில் -என் போட்டுப் பார்க்காமல் நான் ஓட்டுவதில்லை. ஒன்று மட்டும் கவனம்: கூட்டல் குறி போட்ட வரிகளையும், உள்மேக்கை அழைக்கிற வரிகளையும் -என் போட்டாலும் மேக் ஓட்டவே செய்யும்.

எதற்கெடுத்தாலும் மேக் கிளீன் அடிக்கிற பழக்கத்தை நான் வெறுக்கிறேன். தடயம் முழுவதும் அதோடு போய்விடும். 'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்ற பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பெயர்கள் இருக்கும்: கிடைக்காத ஃபைல், அதைக் கேட்கிற ஃபைல். கிடைக்காதது பெயர் மாற்றப்பட்ட பழைய ஹெடராக இருந்தால், முந்தைய பில்டு விட்டுப்போன, ஹெடர் சார்புகளைக் குறித்துவைத்த டி ஃபைல் அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஜிசிசிக்கு -எம்எம்டியோடு -எம்பியையும் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே எழாது. கிளீன் அடித்தால் இன்று பிழை மறையும். அடுத்த முறை யாராவது ஒரு ஹெடரின் பெயரை மாற்றும்போது மறுபடி வரும்.

மேக்குக்குத் தெரிந்ததெல்லாம் ஃபைலின் நேரம். கிட்டிலிருந்து எடுத்த ஃபைல்களுக்கு எடுத்த நேரமே முத்திரையாகிறது. எழுதிய வரிசை அதில் இல்லை. ஆட்டோமேக் உண்டாக்கிய மேக்ஃபைல்.இன் தன் மூலத்தைவிடப் பழையதாகத் தெரிந்துவிட்டால், மேக் யாரும் கேட்காமலே ஆட்டோமேக்கைக் கூப்பிடும். குறிப்பிட்ட பதிப்பு இல்லை என்று நின்றுவிடும். அந்தப் பழைய பதிப்பைத் தேடி நாள் முழுவதும் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ போதும்.

பிழை போய்விட்டது என்பதால் வேலை முடிந்துவிடாது. ஆசான் உடனே இன்னொருமுறை மேக் அடிப்பார். செய்வதற்கு எதுவுமில்லை என்று அது சொல்ல வேண்டும். சொல்லாமல் எதையாவது மறுபடி கம்பைல் செய்தால், டார்கெட்டின் பெயர் ஒன்றாகவும் ரெசிபி உண்டாக்குகிற ஃபைல் வேறாகவும் இருக்கிறதா என்று பார்ப்பார். குனு மேக் 4.0 முதல் --ட்ரேஸ் போட்டால் எந்த ஃபைலால் மறுபடி ஓடுகிறது என்று அதுவே சொல்லும். அதன் பிறகு ஒரு ஹெடரை டச் செய்து மூன்றாவது முறை ஓட்டுவார். அந்த ஹெடரைச் சேர்த்துக்கொள்கிற ஃபைல்கள் மட்டும் கம்பைல் ஆக வேண்டும். ஒன்று கூடினாலும் ஒன்று குறைந்தாலும் டி ஃபைல்களைத் திறந்து முதலிலிருந்து படிக்கத் தொடங்கிவிடுவார்.