ஓரியின் அம்பும் பெரியப்பாவின் தோட்டாவும்

தமிழ்ப் புலவர்க்கு ஊடுருவிச் செல்லும் அம்பின்மீது தனியானதொரு காதல் உண்டு. இராமன் எய்த அம்பு மராமரங்கள் ஏழையும் துளைத்துச் செல்கிறது. தாடகையின் கல் போன்ற நெஞ்சில் தங்காமல் முதுகு வழியே கழன்றோடிய அம்பை, கல்லாதவர்க்கு நல்லோர் சொன்ன பொருளோடு ஒப்பிடுகிறார் கம்பர். (வகுப்பறையில் பல்லாண்டுகள் நின்றவனுக்கு அவ்வுவமையின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.) இவற்றுக்கெல்லாம் முன்னோடி, புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் வல்வில் ஓரியின் அம்பு. அது யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பிற் சென்று தைக்கிறது.

போர்ட் கிள்ளானில் எங்கள் பள்ளி மண்டபத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை இலக்கிய வகுப்பில் இப்பாடலை விளக்கியபோது, ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இது நடக்கக்கூடியதா, இல்லை பொய்யா?" என்று வினவினாள். உயர்வு நவிற்சி என்று கூறிக் கடந்துவிடலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அவள் இயற்பியலும் பயில்பவள். எனக்கோ வேட்டைக்காரர் ஒருவரின் நிழலில் வளர்ந்த இளமை வாய்த்திருந்தது.

என் பெரியப்பா அவசரகாலத்தின்போது, 1950களின் தொடக்கத்தில், தோட்டத்தைக் காக்கும் சிறப்புக் காவலராக இருந்தவர். அவர் கையில் கொடுக்கப்பட்டது பட்டாளத்தார் பயன்படுத்திய பாயின்ட் 303 ரைபிள். இரவுக் காவலில் வேலியோரம் ஏதோ அசைந்தால் சுடுவார்களாம். விடிந்து பார்த்தால் ஆளும் இராது, விலங்கும் இராது. புல்லில் இரத்தத் துளிகள் மட்டும் கிடக்கும். ஒருமுறை அத்தடத்தைப் பற்றிக்கொண்டு அரை மைல் நடந்து, வாய்க்கால் ஓரத்தில் ஒரு காட்டுப் பன்றியைக் கண்டதாகக் கூறுவார். அப்போதும் அதற்கு உயிர் இருந்ததாம். "குண்டு இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிருச்சு. பன்றிக்கு என்னடா நஷ்டம்? ரெண்டு ஓட்டை" என்பார். ஊடுருவிச் செல்லும் குண்டை அவர் ஒருநாளும் புகழ்ந்ததில்லை.

இதன் காரணத்தைப் பிற்காலத்தில்தான் நூல்களில் படித்தறிந்தேன். அந்த ரைபிள் குண்டின் எடை ஏறத்தாழ 11 கிராம். அது நொடிக்கு 740 மீட்டர் அளவில் பாய்வது. ஈயத்தாலான அதன் உடலை மேலிருந்து நுனி வரை கடினமான உலோக உறை மூடியிருக்கும். அவ்வுறை உடையாவிட்டால் குண்டு உருமாறாது. பன்றி, மான் போன்ற நடுத்தர உடலில் அது ஒல்லியான பாதை ஒன்றைத் துளைத்து, தன் விசையின் பெரும்பகுதியைத் தன்னுடனேயே சுமந்துகொண்டு மறுபுறம் வெளியேறிவிடக்கூடும். வேட்டைக்குரிய குண்டில் நுனியில் மட்டும் ஈயத்தை உறையின்றி விட்டிருப்பார்கள். தசையில் நுழைந்ததும் நுனி மழுங்கி, உறை பின்னோக்கி விரிந்து, குண்டு காளான் போல் மலரும். 8 மில்லிமீட்டருக்கும் குறைவான குண்டு இவ்வாறு ஏறக்குறைய இருமடங்கு அகலம் பெற்று, தன் விசையை விலங்கின் உள்ளேயே செலவிடுகிறது.

மலர்வதிலும் ஓர் அளவு வேண்டும். விரைந்து மலர்ந்தால் குண்டு தோளெலும்பிலேயே சிதறி, மேற்புண்ணை மட்டும் உண்டாக்கும். ஆண் பன்றிக்குத் தோளின்மேல் கவசம் போன்ற தடித்த திசு வேறு இருக்கிறது. அதைக் கடந்து நுரையீரலையும் இதயத்தையும் அடையும் வரை கட்டுக்கோப்புடன் சென்று, அங்கே மலர்வதே நல்ல குண்டு.

இவ்வகைக் குண்டுக்கு உலகம் இட்ட பெயர் நம் அண்டை நிலத்தின் ஊர்ப்பெயர். கல்கத்தாவை அடுத்த தம்தம் என்னும் ஊரில் ஆங்கிலேயரின் படைக்கலச் சாலை இருந்தது. 1895ஆம் ஆண்டு சித்ரால் போரில், உறை மூடிய குண்டு பட்டவர்கள் விழாமல் ஓடி வருகிறார்கள் என்று படைவீரர் முறையிட்டனர். அதன்பின் கேப்டன் பெர்ட்டி கிளே என்பார் அச்சாலையில் நுனி திறந்த குண்டைச் செய்வித்தார். அது மனித உடலில் ஏற்படுத்திய புண்ணைக் கண்டு ஐரோப்பா திடுக்கிட்டது. 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில், உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்ற பிரகடனம் உருவாயிற்று. பிரிட்டன் முதலில் உடன்படாமல், 1907ஆம் ஆண்டில்தான் அதனை ஏற்றது. அதே பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமோ, ரைபிளால் மானைச் சுடுவோர் விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்கிறது! மனிதனுக்குக் கொடுமையென விலக்கப்பட்டது மானுக்குக் கருணையென விதிக்கப்படுகிறது. முரண்போல் தோன்றினாலும் முரணன்று. புண்பட்ட வீரனைத் தூக்கிச் செல்லத் தோழர் உண்டு, மருத்துவர் உண்டு. புண்பட்ட மானுக்குப் புதர்தான் உண்டு.

அப்புதருக்குள் கிடப்பது பன்றியானால் நிலைமை வேறு. 1982ஆம் ஆண்டு என நினைவு. எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. செம்பனை இளங்கன்றுகளைத் தோண்டித் தின்ற பன்றிகளை விரட்ட, பெரியப்பாவும் உரிமம் பெற்ற வேறு இருவரும் இரட்டைக் குழல் துப்பாக்கிகளுடன் சென்றிருந்தனர். உடன் சென்ற இளைஞர் சுட்டது வயிற்றில் பட்டு, பன்றி அலறிக்கொண்டு இருளில் மறைந்தது. மற்ற இருவரும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றனர். பெரியப்பா உடன்படவில்லை. விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் களை வெட்டும் பெண்கள் அதே நிரைகளில்தான் இறங்குவார்கள். அவர்களுள் என் தாயாரும் ஒருவர். கைவிளக்குடன் அவர் இரவெல்லாம் தேடினார். நான்கு மணியளவில், வெட்டிப் போட்ட மட்டைக் குவியலின் அடியிலிருந்து பன்றி சீறிப் பாய்ந்தது. ஐந்தாறு அடி தொலைவில் அதனைச் சுட்டு வீழ்த்தினாராம். திரும்பி வந்தவரின் கால்சட்டை முழங்காலுக்கு மேல் கிழிந்திருந்தது. பெரியம்மா அதைத் தைத்துக்கொண்டே திட்டியது லயம் முழுவதும் கேட்டது.

அகத்துறைகளை மாணவர்க்கு நடத்துகையில் இவ்விரவு நினைவுக்கு வருவதுண்டு. புண்பட்ட யானை இவ்வழி வந்ததா, அம்பு தைத்த கலைமான் போயிற்றா என்று தினைப்புனத்துப் பெண்களைத் தலைவன் வினவுவான். வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்று திருக்கோவையாரில் இவை துறைகளாகவே அமைந்துள்ளன. தலைவன் கூறுவது பேச்சுக்கொடுக்கும் சாக்கு என்பதை யாம் அறிவோம். எனினும் அச்சாக்கை எவரும் நம்பக்கூடியதாகச் செய்தது எது? எய்தது உடனே வீழாமல் புண்ணோடு ஓடுவது குறிஞ்சி நிலத்தில் அன்றாட நிகழ்ச்சியாக இருந்ததே அன்றோ!

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். ஒரே அம்பு ஐந்து உயிர்களைக் கடப்பது இயலாது. யானையின் உடலிலேயே அது அடங்கிவிடும். ஆனால் ஊடுருவுவதைப் புகழ்ந்ததில் புலவர் பிழைபடவில்லை. நொடிக்கு ஐம்பது, அறுபது மீட்டர் செல்லும் அம்பு விசையால் உடலைக் குலைப்பதில்லை. கூர்மையால் அறுத்து, குருதியை வடியச் செய்து கொல்வது அது. நுழைவாயும் வெளிவாயும் திறந்திருந்தால் குருதி விரைந்து வடியும், தடமும் தெளிவாகத் தெரியும். வில்வேட்டையாடுவோர் இன்றும் இதனையே விரும்புகின்றனர். குண்டுக்குக் குறையாவது அம்புக்குச் சிறப்பாகிறது. மேலும் வன்பரணர் வைத்த வரிசையைக் காண்க. யானையில் தொடங்கி உடும்பில் முடிகிறது. மிகைப்படுத்தும்போதும் விசை குறைந்துகொண்டே வருவதை அவர் மறக்கவில்லை. அம்பை வானில் பறக்கவிடாமல் புற்றுக்குள் நிறுத்திவிடுகிறார். மாணவி இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பன்றிக்கும் உடும்புக்கும் இடையில் முயல் ஒன்று விடுபட்டுவிட்டதே, ஐயா" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்கும் விடை தோன்றவில்லை.

பெரியப்பா தம் எழுபதாம் வயதில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். ஒரு கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய வாரம்கூட ஒரு பன்றியைச் சுட்டு, கறியை லயத்தில் பங்கிட்டுக் கொடுத்திருந்தார். இன்னும் குறி தப்பவில்லையே, ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"படும்டா. எங்கே படும்னுதான் தெரியல" என்றார்.