பிணம் காத்திருக்கும், பாஸ்தா ஆறிப் போகும்

கொலைக் கதை படித்தால் எனக்குப் பசிக்கிறது. பயப்படாதீர்கள், டாக்டரிடம் போக வேண்டிய கேஸ் இல்லை. எல்லாம் இன்ஸ்பெக்டர் மொன்டால்பானோ செய்த வேலை.

இத்தாலியில் சிசிலித் தீவு. அதில் விகாட்டா என்று வரைபடத்தில் இல்லாத ஓர் ஊர். எழுதியவர் ஆந்த்ரேயா கமில்லேரி. 1925-ல் பிறந்தவர். இந்த வரிசையில் முதல் நாவல் வந்தது 1994-ல். நம்ம ஆட்கள் ரிட்டயராகி பேரனை ஸ்கூலில் விடப் போகும் வயசில் மனுஷர் ஆரம்பித்திருக்கிறார்! 2019-ல் இறந்தார். அவர் பிறந்த போர்ட்டோ எம்பெடோக்ளே, 2003-ல் தன் பெயரோடு விகாட்டாவையும் ஒட்டிக்கொண்டது. (சில வருஷத்தில் கழற்றியும் விட்டது.)

மொன்டால்பானோவுக்கு ஒரு சட்டம் உண்டு. சாப்பிடும்போது பேசக் கூடாது. எதிரே இருப்பவர் கேஸைப் பற்றி வாயைத் திறந்தால் முகம் கடுகடு. முதலில் மீன், அப்புறம் கொலை. பிறகு கடலோரம் காலாற நடந்து, ஒரு பாறையில் உட்கார்ந்து யோசிப்பார்.

"அங்கே பிணம் கிடக்குது, இவருக்கு மீன் கேக்குதாக்கும்?" என்றான் பக்கத்து ஸீட் நண்பன். நியாயமான கேள்விதான்.

இன்ஸ்பெக்டருக்குச் சமைத்து வைக்கிற அதெலினாவின் இரண்டு பிள்ளைகளும் ஜெயிலுக்குப் போய்வருகிறவர்கள். ஒருவனைப் பிடித்ததே இவர்தான். ஒரு கதையில், இரண்டு பேரும் வெளியே இருக்கிற அபூர்வமான புத்தாண்டு ராத்திரி, அந்த அம்மா இவரை அரன்சீனி சாப்பிடக் கூப்பிடுகிறாள். சோற்றுக்குள் கறியும் பட்டாணியும் வைத்து உருட்டிப் பொரிப்பது. அதே ராத்திரிக்கு காதலி லிவியா பாரிசுக்கு அழைக்கிறாள். பாரிஸ் தோற்றது. போலீசும் திருடர்களும் ஒரே மேஜையில்!

நண்பனிடம் அந்தக் கதையைச் சொன்னேன். இந்த நாவல்களில் பெரிய மனுஷர்கள் பல சமயம் தப்பித்துவிடுகிறார்கள். தினம் பிணத்தையும் பொய்யையும் பார்க்கிறவனுக்குத் தான் உயிரோடு இருப்பது ஞாபகம் வர வேண்டாமா? மீன் அதற்குத்தான் என்றேன். "பசிக்குதுடா" என்றான்.

எனக்கும் ஒரு லாபம். ஒன்றரையிலிருந்து இரண்டு மணி வரை செல்போன் டிராயருக்குள். போன வாரம் மேனேஜர் என் டிபன் பாக்ஸ் அருகில் வந்து நின்று ஃபைல் கேட்டார்.

"தயிர்சாதம் ஸார். அஞ்சு நிமிஷம்."

முறைத்தார். ஆனால் காத்திருந்தார். ஃபைலும் எங்கேயும் ஓடிப்போகவில்லை.