முன்னங்காலின் உள்பக்கம்

வளர்க்கும் கும்பிடுபூச்சியைக் காட்டி "இது என்ன இனம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மேலிருந்து எடுத்த படத்தையே நீட்டுகிறார்கள். அதில் நிறமும் முதுகும் நன்றாகத் தெரியும். இனம் காண உதவும் இடங்கள் மறைந்திருக்கும். நான் கேட்பது முன்னங்காலின் உள்பக்கம் தெரியும் படம்.

நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஒரே இனத்தில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. தோலுரித்த பிறகு நிறம் மாறுவதும் உண்டு. கண்ணில் தெரியும் கரும்புள்ளியும் அடையாளமாகாது. நாம் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்வதுபோலத் தெரியும். இரவில் கண் முழுவதும் கறுத்துவிடுவதும் இயல்பே.

உடலமைப்புதான் முதல் சான்று. தென்னிந்தியாவில் சில வகைகள் பார்த்ததுமே பிடிபடும். குச்சிபோல் நீண்ட முன்மார்பின் மேற்புறம் இலையாக விரிந்து, கால்களிலும் இலைபோன்ற மடல்கள் இருந்தால் அது கோங்கைலஸ் கோங்கைலோடஸ். மரப்பட்டையோடு ஒட்டிக் கிடக்கும் தட்டையான பழுப்புப் பூச்சி என்றால் ஹம்பர்ட்டியெல்லாவை நினைப்பேன். சிறிய உடலும் முன்னிறக்கையில் கண்போன்ற வட்டமும் இருந்தால் கிரியோப்ரோட்டர்.

சிக்கல், வீட்டுத் தோட்டத்தில் அதிகம் கிடைக்கும் பெரிய பச்சைப் பூச்சிகளில்தான். முன்னிறக்கையில் வெள்ளைப்புள்ளி இருந்தால் ஹைரோடுலா பேரினத்தின் பக்கம் போவேன். பிறகு முன்னங்காலின் அடித்துண்டைப் பார்ப்பேன். ஹைரோடுலாக்களில் சிலவற்றுக்கு அங்கே அகன்ற வெளிர்மஞ்சள் புடைப்புகள் இருக்கும். சிலவற்றுக்குச் சிறு பற்கள் மட்டும். அந்த உள்பக்கத்திலேயே கரும்புள்ளி, பெரும்பாலும் நடுவில் வெண்மையோடு, இருந்தால் மாண்டிஸ் ரிலிஜியோசாவா என்று பார்க்க வேண்டும். இதற்காகப் பூச்சியைப் பிடித்து இழுக்கத் தேவையில்லை. இரை தின்று முடித்ததும் அது முன்னங்காலை வாயால் சுத்தம் செய்யும். அப்போது உள்பக்கம் தானாகவே திரும்பும். கேமராவோடு காத்திருக்க வேண்டிய நேரம் அது.

குஞ்சுப் பருவத்தில் சிற்றினப் பெயர் சொல்வது அரிது. கடைசித் தோலுரிப்பில்தான் இறக்கை முழுமையாக வரும். உரித்த தோலைத் தூக்கி எறியாதீர்கள். காலின் முட்கள் அதில் அப்படியே இருக்கும், லென்ஸ் வைத்து நிதானமாக எண்ணலாம். வளர்ந்த பூச்சியின் வயிற்றை அடியிலிருந்து பார்த்தால் கண்டங்கள் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 8 தெரியும். ஆணா பெண்ணா என்பது இங்கே முக்கியம். நெருங்கிய சிற்றினங்கள் பலவற்றை ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்தே வல்லுநர்கள் பிரிக்கிறார்கள். புகைப்படத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

உலகில் 2,400-க்கும் மேற்பட்ட கும்பிடுபூச்சி இனங்கள் உள்ளன. அதனால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது குறையில்லை. வளர்ப்பவருக்கு அதுவே பெரும்பாலும் போதும். ஹைரோடுலா கரப்பான், வெட்டுக்கிளி, ஈ என்று கிடைத்ததைப் பிடித்துத் தின்னும். கோங்கைலஸுக்கு நல்ல வெப்பமும் பறக்கும் இரையும் வேண்டும். ஒன்றுக்குப் பழகியவர் மற்றொன்றை அதே முறையில் வளர்த்தால் அது நலிந்துபோகும். பெயர் சரியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

பூச்சி வந்த ஊர், தேதி, இருந்த செடி ஆகிய மூன்றையும் டப்பாவிலேயே எழுதி ஒட்டுங்கள். ஆண் பூச்சி இறந்தால் அதே குறிப்போடு ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். ஊகித்து எழுதிய முழுப்பெயர் அடுத்தவரைத் திசைதிருப்பும். 'ஹைரோடுலா, சிற்றினம் உறுதியில்லை' என்ற குறிப்பை எடுத்துப் பார்க்கும் வல்லுநர் எதையும் திருத்த வேண்டியதில்லை. நாம் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.