கோமுகித் தண்ணீர் கடலைத் தொடும் இடம்

"அணையில் பரிசல் ஓட்டிப் பழகிய பையன்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு கயாக் படகு வாங்கிக் கடலோரத்தில் தூண்டில் போடப் போகிறோம் என்கிறார்கள். அனுப்பலாமா?" என்று கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அனுப்பலாம், அனுப்பக் கூடாது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அவருக்கான பதில் அவர் ஊர்த் தண்ணீர் போகும் பாதையிலேயே கிடக்கிறது. அதனால் அந்தத் தண்ணீர் போகும் வழியே நானும் பரங்கிப்பேட்டை வரை போய்வந்தேன்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம் என்று பல ஓடைகளாக இறங்கி கோமுகி அணையில் சேர்கிறது. அணையின் உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. பெரிய அணை என்று சொல்ல முடியாது. மலையில் ஒரு ராத்திரி கொட்டினால் மளமளவென்று ஏறிவிடும். அங்கிருந்து இறங்கும் கோமுகி, வேப்பூரை அடுத்த நல்லூரில் மணிமுக்தாற்றோடு கலக்கிறது. மணிமுக்தாறு விருத்தாசலம் கோயிலை ஒட்டிப் போகிறது. சுந்தரர் இந்த ஆற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகச் சொல்வார்களே, அதே ஆறு. கூடலையாற்றூரில் அது வெள்ளாற்றில் விழுகிறது. வெள்ளாற்றின் ஒரு கிளையான வசிஷ்ட நதிக்கும் பிறப்பிடம் கல்வராயன் மலைதான். பிறகு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு, புவனகிரி, கடைசியாகப் பரங்கிப்பேட்டை. வீராணத்தின் உபரித் தண்ணீரும் சேத்தியாத்தோப்பில் வந்து சேர்ந்துகொள்கிறது.

பரங்கிப்பேட்டையை இரண்டு காரணத்துக்காக வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். 1781-இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் சண்டை நடந்த ஊர் இது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருப்பதும் இங்கேதான், வெள்ளாற்றங்கரையில். இந்தக் கழிமுகத்து மீனையும் இறாலையும் சேற்றையும் உப்பையும் அங்கே பல பத்தாண்டுகளாக அளந்து எழுதிவருகிறார்கள். அண்ணன்கோயில் பக்கம் நின்று பார்த்தால் ஆறு அகலமாக, சோம்பலாகத் தெரியும். தெற்கே கிள்ளை, பிச்சாவரம் வரை கால்வாய்களும் அலையாத்திக் காடும். பார்த்தால் கோமுகி அணையை விடச் சாதுவான தண்ணீர் என்றுதான் தோன்றும். பையன்களுக்கு அந்தத் தோற்றம்தான் ஆபத்து.

அணைத் தண்ணீர் நிற்கும் தண்ணீர். துடுப்பை நிறுத்தினால் பரிசலும் ஏறக்குறைய நிற்கும். கழிமுகத்தில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தண்ணீர் உங்களை எடுத்துக்கொண்டு போகும். ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். வெள்ளாற்று வாயில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். மூன்றடித் தண்ணீர் என்ன செய்யும் என்று கேட்கலாம். மதகு திறந்த வாய்க்காலில் மூன்றடித் தண்ணீரில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வற்றும் நேரத்தில் அகன்ற கழிமுகத்தில் தேங்கிய தண்ணீர் எல்லாம் ஒரே குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடுகிறது. எதிரே கடல் அலை வந்து மோதுகிறது. ஆற்று இழுப்பும் அலையும் முட்டிக்கொள்ளும் அந்த மணல்திட்டில் கயாக் கவிழ்ந்தால், நீச்சல் தெரிந்தவரும் கரைக்குத் திரும்புவது கஷ்டம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தேன். "வத்தம் இழுக்கிற நேரத்துல வாய்ப் பக்கம் போவாதீங்க தம்பி. எங்க இன்ஜின் போட்டே பாத்துத்தான் போவும்" என்றார்.

ஆகவே புதிதாகப் போகிறவர்கள் கடல் ஏறத் தொடங்கும்போது கிளம்ப வேண்டும், வாய்க்கு எதிர்த்திசையில், மேற்கே புவனகிரிப் பக்கமாக. கை சோர்ந்தாலும் தண்ணீர் உங்களை உள்நாட்டுப் பக்கம்தான் தள்ளும். ஏறி முடிந்து தண்ணீர் சற்று நிற்கும்போது தூண்டில் போடலாம். வற்றத் தொடங்கியதும் மெதுவாகத் திரும்பிவிடலாம். இறங்கிய துறையைத் தாண்டிக் கிழக்கே ஒரு முழம்கூடப் போகக் கூடாது. இன்றைய ஏற்றம் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித்தான் வரும். நேற்று ஏழு மணிக்குச் சரியாக இருந்ததே என்று இன்றும் ஏழு மணிக்குக் கிளம்பாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இழுப்பு அதிகம்.

காற்றைப் பற்றி விவசாயிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆடியில் அடிக்கும் மேல்காற்று உங்களுக்குத் தெரியும். கடலோரத்தில் அதைக் கச்சான் என்பார்கள். நிலத்தில் அது புழுதியைக் கிளப்பும், தண்ணீரில் இலேசான படகைக் கடல் பக்கம் தள்ளும். கரையில் நின்றால் முதுகில் இதமாகப் படுவதால் அதன் வேகம் புரியாது. ஆடி மாதம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கொண்டலும் வாடையும், கூடவே வெள்ளமும். தையின் பின்பாதியிலிருந்து பங்குனி வரை, அதுவும் காலை நேரம், கற்றுக்கொள்ள ஏற்றது.

வெள்ளம் என்றதும் கச்சிராயபாளையத்துக்காரருக்குப் பரங்கிப்பேட்டைக்காரரிடம் இல்லாத ஒரு வசதி இருப்பதைச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலையில் மழை கொட்டுவதும் கோமுகி மதகு திறப்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். அங்கே வானம் வெளுத்திருந்தாலும், மேலே திறந்த தண்ணீர் வழியில் நிறைந்து, சேத்தியாத்தோப்பைத் தாண்டிக் கழிமுகத்துக்கு வந்தே தீரும். அது வரும்போது கடல் ஏற்றத்தையே அமுக்கிவிடும். நாள் முழுக்க வற்றம் மாதிரி ஒரே திசையில் இழுக்கும். மரக்கட்டை, முள்செடி, செத்த ஆடு எல்லாம் மிதந்து வரும். கோமுகியிலோ மணிமுக்தாவிலோ உபரி நீர் திறந்திருக்கிறார்கள் என்றால் அந்த வாரம் பயணம் வேண்டாம். அப்போது தண்ணீரில் உப்பும் குறைந்துபோவதால் நீங்கள் தேடும் மீன்களும் இடம் மாறியிருக்கும்.

இனி படகு. கயாக் நமக்கு அப்படி ஒன்றும் அந்நியமில்லை. வடதுருவத்து இனூயிட் மக்கள் எலும்பிலும் கரை ஒதுங்கிய மரத்திலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோல் போர்த்திச் செய்தது அது. மூங்கில் கூடைக்குத் தோல் போர்த்திய நம் பழைய பரிசலும் அதே யோசனைதான். வடிவம்தான் வேறு. பரிசல் வட்டம், சுழலும், ஆனால் எளிதில் கவிழாது. கயாக் நீளம், நேராக ஓடும், பக்கவாட்டில் சாயும். பரிசலில் எழுந்து நின்று வலை வீசிய பழக்கத்தைக் கயாக்கில் காட்டினால் குப்புற விழ வேண்டியதுதான். தொடங்குபவருக்கு மேலே உட்காரும் வகை பிளாஸ்டிக் கயாக் நல்லது. பத்துப் பன்னிரண்டு அடி நீளம், 25 முதல் 35 கிலோ எடை. உள்ளே வந்த தண்ணீர் துளை வழியே தானே வடிந்துவிடும். தெர்மாகோல் அட்டைகளைச் சாக்கில் கட்டி மிதவையாக்கிப் போகிறவர்களும் உண்டு. அணையிலேயே அது வேண்டாத வேலை, கழிமுகத்தில் நினைக்கவே வேண்டாம்.

வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில், பாக் விரிகுடாக் கரையில், வனத்துறையும் ஊர் மக்களும் நடத்தும் சூழல் சுற்றுலாவில் கயாக் ஓட்டலாம். ஆழம் குறைந்த, அலை அடங்கிய இடம். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, தானே ஏறி உட்காரும் பயிற்சியைப் பத்து முறையாவது செய்ய வேண்டும். அது கைவராத பையனை அனுப்பாதீர்கள். உயிர்காப்பு அங்கியை மாட்டிப் பூட்டியிருக்க வேண்டும், மடியில் வைத்திருப்பது கணக்கில் வராது. கழுத்தில் விசில், துடுப்புக்கு ஒரு கயிறு, தண்ணீர் புகாத பையில் போன். நங்கூரக் கயிற்றைப் படகின் முனையிலோ பின்னாலோ கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் இழுப்பு வந்ததும் நங்கூரமே படகைக் கவிழ்த்துவிடும்.

மீனுக்குக் குறைவில்லை. மடவை, கிழங்கான், அதிர்ஷ்டம் இருந்தால் அலையாத்தி வேர் ஓரத்தில் கொடுவா. உயிர் இறால் நல்ல இரை. கெளுத்தியின் முள் குத்தும் என்று ஏரியிலேயே கற்றிருப்பீர்கள், கடல் கெளுத்தியும் அப்படித்தான். திருக்கை வால் முள் பட்டால் காயத்தைப் பொறுக்கும் அளவு வெந்நீரில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிறு ஊதும் பேத்தை மாட்டினால் விட்டுவிடுங்கள், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. ஆளி ஒட்டிய பாறையும் சிப்பியும் காலைக் கிழிக்கும், செருப்பு போதாது, ஷூ வேண்டும்.

அந்தத் தண்ணீரில் நமக்கு முன்பே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் பையன்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். கிள்ளைப் பக்கத்து இருளர் குடும்பங்கள், பெண்கள் உட்பட, கழுத்தளவுச் சேற்றுத் தண்ணீரில் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு அது அன்றைய அரிசி. அவர்கள் தடவும் வரிசைக்குள் படகை விடுவதும், கட்டியிருக்கும் வலைமேல் ஏற்றுவதும் அடுத்தவர் நாற்றங்காலில் மாடு விடுவதற்குச் சமம். பிச்சாவரம் காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. கோமுகி போன்ற அணைகளிலும் மீன்பிடி உரிமை மீன்வளத்துறை மூலமாகத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதல் நாள் படகை இறக்காமல் அண்ணன்கோயில் கரையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து, ஏற்றமும் வற்றமும் எந்த நேரத்தில் மாறுகின்றன என்று பாருங்கள். மணல்திட்டு வருஷத்துக்கு வருஷம் நகர்கிறது. இந்த வருஷம் அது எங்கே கிடக்கிறது என்று அங்கிருக்கும் மீனவர்களைக் கேட்டால் கையைக் காட்டிச் சொல்வார்கள்.