கடலின் வரவும் செலவும்

மலையிலே பிறந்து, காட்டைக் கடந்து, வயலை வளப்படுத்திக் கடலைச் சேரும் ஆறு, வெறும் நீரை மட்டும் கொண்டு செல்வதில்லை. வழியிலுள்ள பாறையையும் மண்ணையும் சிறிது சிறிதாகக் கரைத்து உடன் கொண்டு செல்கின்றது. ஆற்றுநீர் நாவிற்குக் கரிப்பதில்லை. எனினும் அதில் உப்புப் பொருள்கள் உண்டு. கடலை அடைந்த நீர், கதிரவன் வெம்மையால் ஆவியாகி, மழையாய் மீள்கின்றது. கரைந்து வந்த பொருள்களோ கடலிலேயே தங்கிவிடுகின்றன.

இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. வரவு உண்டு, செலவு இல்லை என்றால், கடலின் உப்பு ஓயாது பெருகிக்கொண்டே போகும் அன்றோ? மெக்னீசியம் என்னும் உலோகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் அது ஏறத்தாழ 1.3 கிராம் கரைந்துள்ளது. இன்று கடலில் உள்ள மெக்னீசியம் அவ்வளவையும் ஆறுகள் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். கடலின் வயதோ முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அங்ஙனமாயின், இப்போது உள்ளதைப்போல் நூறு மடங்கிற்கும் மேலாக மெக்னீசியம் பெருகியிருத்தல் வேண்டும். அவ்வாறு பெருகவில்லை. ஆகவே, வரவுக்கு ஈடான செலவு எங்கோ நடைபெறுகின்றது. அச்செலவு எங்கே நிகழ்கின்றது என்பது அறிஞர்களுக்கு நெடுங்காலம் விளங்காத புதிராக இருந்தது.

1977ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளின் பக்கம் சென்றது. அங்கே கடலடித் தரை பிளந்து இருபுறமும் விலகிக்கொண்டிருக்கின்றது. அப்பிளவில் வெந்நீர் ஊற்றுகள் இருத்தல் கூடும் என்று அவர்கள் கருதினர். மூவர் மட்டுமே அமரத்தக்க 'ஆல்வின்' என்னும் மூழ்குகலத்தில் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்திற்கு இறங்கினர். ஒளி எட்டாத காரிருள். உறைநிலைக்குச் சற்றே மேற்பட்ட குளிர். அவ்விடத்தில் பாறை வெடிப்புகளினின்றும் இளஞ்சூடான நீர் கசிந்துகொண்டிருந்தது. அதனைச் சூழ்ந்து பெருஞ்சிப்பிகளும் நெடும்புழுக்களும் செழித்திருந்தன.

அந்நீரைக் கலங்களில் அடைத்து மேலே கொணர்ந்து திறந்தபோது, கூமுட்டை நாற்றம் வீசிற்று. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு அதில் கரைந்திருந்தமையே அதற்குக் காரணம். ஜான் எட்மண்ட் என்னும் வேதியியல் அறிஞரும் அவர்தம் தோழர்களும் அந்நீரைப் பகுத்து ஆராய்ந்தனர். அது ஊற்றுநீரும் குளிர்ந்த கடல்நீரும் கலந்த கலவை. அதன் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைக்கூட எட்டவில்லை. ஆயினும், வெப்பம் ஏற ஏற மெக்னீசியம் சிறிதே குறைந்து வருவதை அவர்கள் கண்டனர். குறைந்தது நூற்றில் சில பங்கே. அச்சிறு குறைவை அவர்கள் அலட்சியம் செய்யவில்லை. இதே அளவில் குறைந்துகொண்டே போனால், மெக்னீசியம் முற்றிலும் அற்றுப்போகும் வெப்பம் யாது என்று கணக்கிட்டனர். ஏறத்தாழ 350 டிகிரி என்று விடை கிடைத்தது. இளஞ்சூட்டு நீரை வைத்துக்கொண்டு ஈயத்தை உருக்கும் வெம்மையைக் கூறிய கணக்கு அது!

1979ஆம் ஆண்டில், மெக்சிகோ நாட்டுக் கரைக்கு அப்பால், ஆல்வின் மீண்டும் ஆழத்தில் இறங்கிற்று. அங்கே கல்லால் ஆன கூண்டுகள் நின்றன. அவற்றின் வாய்வழியே கரும்புகை போன்ற நீர் பீறிட்டெழுந்தது. கலத்தில் இருந்தோர் வெப்பமானிக் கோலை அதனுள் நீட்டினர். கோலின் நுனி உருகிப்போயிற்று. கலத்தின் பலகணிகளும் அவ்வெம்மையைத் தாங்கமாட்டாதவையே. இன்னும் நெருங்கியிருந்தால் மூவர் உயிருக்கும் இடர் நேர்ந்திருக்கும். பின்னர்த் தக்க கருவி கொண்டு அளந்தபோது, நீரின் வெப்பம் ஏறத்தாழ 350 டிகிரி எனத் தெரிந்தது. கணக்கும் காட்சியும் ஒன்றுபட்டன.

இவ்வூற்றுகளில் நிகழ்வது யாது? கடல்நீர் பாறை வெடிப்புகளின் வழியே கீழே இறங்குகின்றது. அடியிலுள்ள பாறைக்குழம்பின் வெம்மையால் சூடேறுகின்றது. மேலுள்ள நீரின் பேரழுத்தத்தால் அது கொதிப்பதில்லை. சூடான நீரிலுள்ள மெக்னீசியத்தைப் பாறை பற்றிக்கொண்டு களிமண் போன்ற கனிமங்களாக மாறுகின்றது. அம்மாற்றத்தால் நீர் அமிலத்தன்மை பெறுகின்றது. அமிலமும் வெம்மையும் கூடிய அந்நீர், பாறையினின்றும் இரும்பு, மாங்கனீசு, செம்பு, துத்தநாகம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலெழுகின்றது. கடலடியின் குளிர்நீரைத் தொட்டதும், உலோகங்கள் பல கந்தகத்தோடு கூடி நுண்துகள்களாகப் பிரிகின்றன. கரும்புகையாகத் தோன்றுவது இத்துகள்களின் கூட்டமே. கூண்டுகளும் இங்ஙனம் படிந்த கனிமங்களால் எழுந்தவையே.

எனவே, நீர் மெக்னீசியத்தைப் பாறையிடம் கொடுத்து, உலோகங்களைப் பெற்றுவருகின்றது. ஆறுகள் கொணரும் வரவுக்கு உரிய செலவு இங்கே நடைபெறுகின்றது. கடலடியில் வெப்பம் குறைந்த நீரோட்டங்களும் இச்செலவில் பங்குகொள்வதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. கடல்நீர் முழுவதும் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வெந்நீர் வழியே சென்று மீள்கின்றது என்று எட்மண்ட் குழுவினர் மதிப்பிட்டனர். பிற்கால மதிப்பீடுகள் பலவாறாக வேறுபடினும், இச்சுழற்சி நடைபெறுகின்றது என்பதில் ஐயமில்லை.

நமக்கு நஞ்சாகிய ஹைட்ரஜன் சல்பைடே அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு வாழ்வளிக்கின்றது. அதனை எரித்துப் பெறும் ஆற்றலால் அவை உணவு சமைக்கின்றன. வளர்ந்த நெடும்புழுக்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தம் உடலுக்குள் இந்நுண்ணுயிர்களைக் குடிவைத்து, அவை சமைத்த உணவால் அவை வாழ்கின்றன. கதிரவனைக் காணாத உயிர்கள் பூமியின் உள்வெம்மையை நம்பி உயிர்வாழ்கின்றன.

அறிஞர்களுக்கு இவ்வுண்மையைத் திறந்து காட்டியது எது? ஒரு பொருள் நூற்றில் சில பங்கு குறைந்திருந்தமையே. இருப்பதை எண்ணுவது எவர்க்கும் எளிது. இருக்கவேண்டியது ஏன் இல்லை என்று வினவுவது அரிது. அவ்வினாவைப் பொறுமையோடு பின்தொடர்ந்தவர்க்குக் கடல் தன் பழங்கணக்கைத் திறந்து காட்டிற்று.