மின்சாரம் எங்கே அறுந்தது?

உறுப்புக்களைத் தேடிச் சேர்த்துத் தம் கையாலேயே கணினி கட்டும் இளைஞர்கள் இன்று கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலும் இருக்கின்றனர். புதிதாக ஒன்றை வாங்கும் வசதி லயன் அறைக் குடும்பங்களுக்கு அரிது. ஆகவே தாய்ப்பலகை ஓரிடத்திலும் நினைவகம் வேறோரிடத்திலுமாகப் பழைய பொருள்கள் வந்து சேருகின்றன. இப்படிப் பிறந்த யந்திரம் ஒரு மாலையில் பொத்தானை அழுத்தியும் அசையாது கிடந்தால், "பழைய சாமான்தானே!" என்பதே முதற்பேச்சு. அடுத்த பழி கட்டிய பிள்ளையின் மீது விழும். சோதிக்குமுன் தீர்ப்பு வழங்கும் இப்பழக்கத்தையே நாம் முதலில் எதிர்க்க வேண்டும்.

முறை எளியது. சுவரிலுள்ள மின்வாயிலில் வேறொரு விளக்கை எரித்துப் பார்ப்பது முதற்படி. அடுத்து வயர்; பின்னர் மின்வழங்கியின் முதுகிலுள்ள ஆளி; அதன் பின் முன்பொத்தானிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் மெல்லிய கம்பிகள். இவை யாவும் சரியானால் மின்வழங்கியைத் தனியே சோதிக்கலாம். 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ் அமைப்பில், 24 முனை இணைப்பிலுள்ள பச்சைக் கம்பியே தொடங்குங் கட்டளையைச் சுமப்பது. மின்சாரத்தைத் துண்டித்து, உறுப்புக்கள் அனைத்தையும் கழற்றி, பச்சையையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கம்பித் துண்டால் இணைத்தபின் மின்சாரம் கொடுத்தால் பெரும்பாலும் விசிறி சுழலும்.

விசிறி சுழல்வது மட்டும் நலத்துக்குச் சான்றன்று. மல்டிமீற்றரில் 12 வோல்ற்று வழி 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், 5 வோல்ற்று வழி 4.75க்கும் 5.25க்கும் இடையிலும் நிற்க வேண்டும். சுமையின்றிச் சரியாக நிற்பது சுமை ஏறியதும் தளரக்கூடும். வேலையின் நடுவே கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே இன்றியமையாத உறுப்புக்களை மட்டும் முதலில் பூட்டி, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் திறத்தலாகாது. உள்ளிருக்கும் கொள்ளளவி 300 வோல்ற்றுக்கும் மேலான அழுத்தத்தைத் துண்டித்த பின்னும் சிறிது நேரம் தாங்கி நிற்கும். அது உயிரைக் குடிக்கும்.

இத்தனையும் சரியாயிருந்தும் நோய் திரும்பி வந்தால் என் செய்வது? அப்போது பெட்டியை விட்டுச் சுவருக்கு அப்பால் நோக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. மெலிந்த ஒரே கம்பி வீட்டுக்கு வீடு நீண்டு செல்லும் லயத்தில், மாலையில் எல்லோரும் விளக்கும் கேத்தலும் இஸ்திரிப் பெட்டியும் போடுகையில், கடைசி அறைக்கு வரும் அழுத்தம் தாழ்ந்துவிடும். புவித்தொடுப்பு இல்லாத அறையில் மிகையழுத்தம் தடுக்கும் பலகையும் முழுப் பயன் தராது. சப்பிரகமுவையிலோ ஏப்பிரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் கடுமை. அவ்வேளை செருகியைக் கழற்றி வைப்பதே காப்பு. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போவது போலவே அது திடீரெனத் திரும்புவதும் யந்திரத்தைத் தாக்கும். வெட்டு நேரத்தில் ஆளியை அணைத்து, வந்தபின் சில நிமிடம் பொறுத்தல் வேண்டும்.

பலாங்கொடைக்கு அருகே, வளவை கங்கையின் நீரால் இயங்கும் சமனலவாவி மின்நிலையம் 1992இல் எழுந்தது; அதன் ஆற்றல் 120 மெகாவாற்று. நாட்டுக்கு ஒளி வழங்கும் இம்மாகாணத்தில், லயத்தின் கடைசி அறைப் பிள்ளை மங்கிய விளக்கின் கீழ்ப் படிப்பதை இயற்கையின் விதி என்று எவர் சொல்வார்?

ஆதலால் மாணவருக்கு நாம் சொல்வது இதுதான்: ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மின்வேலை அறிந்தவரின் துணையோடு காலை, மாலை, இரவு அளவுகளை ஒரு வாரம் எழுதுங்கள். அடுத்த அறைகளிலும் எழுதச் செய்யுங்கள். தனியொருவன் முறையிட்டால், "உன் பெட்டி பழையது" என்று திருப்பியனுப்பலாம். ஒரு லயம் முழுவதும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே குறையை எண்களால் காட்டினால் அவ்விடை செல்லாது. கம்பியை மாற்றுவது யார் கடமை என்ற கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

பரீட்சையில் தோற்ற தோட்டத்துப் பிள்ளையை மந்தபுத்தியென்று ஒதுக்குவோரும் இந்த வரிசையைச் சற்றுக் கற்கலாம். யந்திரத்தின் மீது பழி சுமத்துமுன், அதற்கு வந்து சேர்ந்தது என்னவென்று அளந்து பார்ப்பதே அறிவு; அதுவே நீதியும் ஆகும்.