பள்ளி நூலகத்தின் சாவி

மேல்நிலைப் பள்ளிகளில் நூலகம் என்றால் பெரும்பாலும் தனி அறைகூட இல்லை. ஆசிரியர் அறையிலோ ஆய்வகத்தின் மூலையிலோ நிற்கும் இரண்டு மூன்று இரும்பு பீரோக்கள்தான். தனி நூலகர் உள்ள பள்ளிகள் குறைவு. தமிழாசிரியர் ஒருவர் கைக்குக் கூடுதல் பொறுப்பாகச் சாவி வரும், கூடவே இருப்புப் பதிவேடும் வரும். சிக்கல் அந்தப் பதிவேட்டில் தொடங்குகிறது. ஒரு புத்தகம் காணாமல் போனால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர். வெளியே கொடுக்காத புத்தகம் தொலையாது. ஆகவே பீரோ பூட்டியே கிடக்கிறது. பிள்ளைகளுக்குப் படிக்கிற ஆர்வமே இல்லை என்ற புலம்பலில் பெரும்பங்கு இந்தப் பூட்டைச் சேர்ந்தது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது இந்தப் பூட்டைப் பற்றியதுதான்: புத்தகம் பயன்பாட்டுக்கு உரியது, பாதுகாப்பு அதற்கு அடுத்தது. இடைக்கால ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த வழக்கத்தைச் சொல்லித்தான் அவர் அந்த விதியை விளக்குகிறார்.

அரசு விதிகளும் ஆசிரியர்கள் அஞ்சுகிற அளவுக்கு இரக்கமற்றவை அல்ல. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் படிக்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கிறது. நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. மாநில அரசு, மாநகராட்சிப் பள்ளிகளை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தலைமையாசிரியரிடம் பேசப் போகும்போது கையில் இருக்க வேண்டிய எண். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: கணக்கு வழங்கிய நூல்களின் மேல்தான். பூட்டிய பீரோவுக்கு இந்தச் சலுகையே கிடையாது.

எந்த நூல்கள் வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. வடசென்னையின் பெரம்பூரில் வாசிப்புக்கும் கேட்டலுக்கும் ஒரு பழைய தடம் உண்டு. 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானபோது, அதற்கு வித்திட்டவர்கள் மில் தொழிலாளிகளுக்காக ஆன்மிகச் சொற்பொழிவு நடத்திவந்த ஒரு சபையைச் சேர்ந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். பிறகு வந்த கட்சிப் படிப்பகங்களிலும் டீக்கடை பெஞ்சுகளிலும் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். எழுத்தறியாதவருக்கும் செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ரயில்வே பணிமனை, 1955-இல் தொடங்கிய ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, பிறகு மூடப்பட்ட பின்னி மில் என்று பல வேலைகளை நம்பி வந்த குடும்பங்கள் வாழும் பகுதி இது. தமிழோடு தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். இந்தப் பகுதிப் பள்ளி நூலகத்தில் தெலுங்கிலும் உருதுவிலும் பத்துப் புத்தகமாவது இல்லையென்றால், சில பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்று சொன்னது போலாகும்.

பீரோவைத் திறந்ததும் செய்ய வேண்டியது புதுப் புத்தகம் வாங்குவது அல்ல. பழைய பாடத்திட்டக் கையேடுகள், விழா மலர்கள், யாரோ நன்கொடையாகத் தள்ளிவிட்ட தடித்த தொகுதிகள் ஆகியவற்றை மேல்தட்டுக்கு ஏற்றுவதுதான் முதல் வேலை. பதிவேட்டிலிருந்து நீக்கத்தான் அனுமதி வேண்டும், இடம் மாற்ற அனுமதி தேவையில்லை. மீதியை மேசையில் அட்டை தெரியப் பரப்பினால் பிள்ளைகளின் கை தானாக நீளும். முதுகு மட்டும் தெரியும் புத்தகம், வாசித்துப் பழகியவரைத்தான் அழைக்கும்.

எதைப் படிப்பது என்பதில் ஆசிரியர்களுக்குள் ஒரு பழைய சண்டை உண்டு. 1972-இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்த நாளிலிருந்து, காமிக்ஸ் படிப்பைக் கெடுக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். நூலகத்தில் அதை வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வது அரிது. பேய்க்கதை, கால்பந்து, கேரம், குத்துச்சண்டை பற்றிய நூல்கள், விளையாட்டுப் பக்கத்தின் கத்தரிப்புகள் எல்லாம் நல்ல நுழைவாயில்கள்தான். அங்கிருந்து இரா. நடராசனின் ‘ஆயிஷா’வுக்குப் போவது அவ்வளவு தூரமில்லை. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில், தங்கள் தெருவே புத்தகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் வேறு வகை ஆர்வம் பிறக்கும். வடசென்னையைச் சொல்லும் கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’, பாக்கியம் சங்கரின் ‘நான்காம் சுவர்’ போன்றவற்றை ஆசிரியர் முதலில் படித்துவிட்டுத் தக்கவர்களுக்குத் தரலாம்.

மிகக் கடினமான இடம் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்காகவே மெல்லிய நூல்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு நூல்களைத் தந்தது. ஏற்பாடு நல்லது. ஆனால் மீசை அரும்பும் பையனை எல்லார் முன்னும் ‘நுழை’ அடுக்கின் பக்கம் நிறுத்தினால், அவன் மறுநாள் நூலகப் பாடவேளையில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். படிவாரியாக அடுக்காமல் எல்லா நூல்களோடும் கலந்து வைப்பதே மேல். அதைவிடச் சிறந்த வழி, பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்புக்குக் கதை படித்துக் காட்டும் பொறுப்பை அவனிடம் தருவது. சின்னப் புத்தகத்தைக் கையில் எடுக்க அவனுக்கு இப்போது கௌரவமான காரணம் இருக்கிறது. குழந்தைகள் முன் தடுமாறக் கூடாதே என்று முந்தின நாள் நான்கு முறையாவது படித்துப் பார்ப்பான். “அண்ணா, இன்னொரு தடவ” என்று கேட்டால் ஆறாவது முறையும் படிப்பான். உச்சரிப்பும் வேகமும் சீராகத் தேவைப்படும் திரும்பப் படித்தல், தண்டனையின் வாடை இல்லாமல் நடந்துவிடுகிறது. இந்த ஒரு ஏற்பாட்டுக்கு ஈடாகத் தேர்வுப் பயிற்சித்தாள் எதையும் சொல்ல முடியாது.

படித்ததும் சுருக்கம் எழுதித் தரச் சொல்வது, அதற்கு மதிப்பெண் போடுவது, அதிகப் புத்தகம் படித்தவருக்குக் கோப்பை தருவது ஆகிய மூன்றும் நல்லெண்ணத்தில் நடப்பவை. கோப்பைக்காகப் படிப்பவர் இருப்பதிலேயே மெல்லிய புத்தகமாகத் தேடுவார், சுருக்கத்தைப் பக்கத்துப் பெஞ்சிலிருந்து பெற்றுக்கொள்வார். பிரெஞ்சு எழுத்தாளரும் பள்ளி ஆசிரியருமான தனியேல் பென்னாக் 1992-இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். படிக்காமல் இருப்பதும், பாதியில் நிறுத்துவதும் அவற்றில் அடக்கம். பாதியில் திருப்பித் தந்த பிள்ளையிடம் காரணம் கேட்காமல் அடுத்ததை நீட்டும் பழக்கம் ஆசிரியருக்குத்தான் முதலில் வர வேண்டும்.

இனி நூலகத்தை நடத்த வேண்டிய மாணவர் குழு. எட்டு, ஒன்பது வகுப்புகளிலிருந்து பிரிவுக்கு இருவர். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் சேர்த்தால் அது இன்னொரு வகுப்புத் தலைவர் பதவியாகிவிடும். ஒரு சேட்டைக்காரனும் அதில் இருக்க வேண்டும், அவன் கூட்டாளிகள் அவனைத் தேடியாவது வருவார்கள். வழங்கல் நோட்டில் எழுதுவது, திரும்ப வராததை வகுப்புக்கே போய்க் கேட்பது, அடுக்குவது அவர்கள் வேலை. ஆசிரியர் கேட்டால் தொலைந்துவிட்டது என்று வரும் பதில், சக மாணவர் கேட்டால் நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று மாறும். கிழிந்த முதுகை மைதாப் பசையும் காடாத்துணியும் வைத்து ஒட்டக் கற்றுக்கொடுத்தால், ஒட்டிய கை பிறகு கிழிக்காது. பூச்சி வராமலிருக்க பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு என்பதால் பள்ளியில் தவிர்த்துவிட்டு, அன்றன்றைக்குப் புதிதாகப் பசை காய்ச்சிக்கொள்ளலாம்.

குழுவின் பெரிய அதிகாரம் தேர்ந்தெடுப்பது. ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கோ, பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபின் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய பழைய புத்தகக் கடைகளுக்கோ அவர்களை அழைத்துப் போய், ஒரு தொகையை அவர்கள் விருப்பத்துக்கு விட வேண்டும். அசட்டுப் புத்தகம் சில வரும், வரட்டும். தாங்கள் வாங்கியதைப் படிக்க வைக்கும் கடமையும் அவர்களுடையது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் கதையின் முடிச்சு வரை சொல்லி நிறுத்துவார்கள். சுவர்ப் பத்திரிகையிலோ கையெழுத்துப் பத்திரிகையிலோ எழுதுவார்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்காக அரசு வெளியிடும் ‘தேன்சிட்டு’ இதழுக்கும் அவற்றிலிருந்து அனுப்பலாம்.

இவ்வளவுக்கும் எதிரி கைப்பேசி என்பார்கள். அதைவிடப் பக்கத்தில் இருப்பது கால அட்டவணை. நூலகப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் கேட்பதும், அது திரும்பி வராததும் வழக்கம். பத்தாம் வகுப்பில் கேட்கவே வேண்டாம். அதனால் மதிய இடைவேளையில் அரை மணி நேரம் குழுவே நூலகத்தைத் திறந்து நடத்துவது பாதுகாப்பான ஏற்பாடு. ஆசிரியர் விடுப்பில் போனாலும் அது நிற்காது.

ஆண்டு இருப்புச் சரிபார்ப்பும் ஏப்ரலில் குழுவின் கையிலேயே நடக்க வேண்டும். எண்ணிக்கையைப் பதிவேட்டோடு ஒப்பிடும்போது தொலைந்தவை, கிழிந்தவை, ஓராண்டாக யாரும் தொடாதவை என்று மூன்று பட்டியல் கிடைக்கும். முதல் பட்டியலில் மீண்டும் மீண்டும் தொலையும் தலைப்புதான் பிள்ளைகள் விரும்பும் புத்தகம், ஜூனில் அதை இரண்டு படிகளாக வாங்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்கள் நோட்டையும் சாவியையும் எட்டாம் வகுப்பு முடித்தவர்களிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். மேல் கையெழுத்துக்காக மட்டும் பதிவேடு பொறுப்பாசிரியரிடம் வரும்.